நாய்க்குட்டியை அடித்தால் அது என்ன கற்றுக்கொள்ளும்?



பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

தீபாவளிக்குப் பிறகு என் பழைய மாணவர்கள் மூன்று பேர் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்திருக்கிறது. ஒருவன் ஆவடி, ஒருத்தி பூந்தமல்லி, இன்னொருத்தி இங்கேயே அம்பத்தூர் ஓ.டி. பக்கம். மூன்று பேரும் தனித்தனியாக போன் செய்தார்கள். கேள்வி ஒன்றுதான். "டீச்சர், வீடு பூரா ஒண்ணுக்குப் போகுது. அடிச்சும் பார்த்தாச்சு. என்ன செய்யறது?" ஒருவன் நியூஸ் பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொண்டு அடிக்கிறான். ஒருத்தி வீட்டில் மாமனார் குட்டியின் கழுத்தைப் பிடித்து, மூக்கை அந்த ஈரத்தில் வைத்துத் தேய்க்கிறாராம். அப்போதுதான் புத்தி வரும் என்பது அவருடைய கட்சி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் ஒன்றுக்குப் போன குட்டியை அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, மூக்கைத் தேய்க்கக் கூடாது. பாவம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அடித்தால் நீங்கள் நினைக்கிற பாடம் அதற்கு ஏறாது. வேறொரு பாடம் ஏறும்.

அது என்ன பாடம்? "இந்த மனுஷங்க பார்க்கும்போது போனால் வலிக்கும்." அவ்வளவுதான். வீடு, வெளி, டைல்ஸ், மண் என்ற வித்தியாசமெல்லாம் அடியில் இல்லை. அதனால் குட்டி என்ன செய்கிறது? சோபாவுக்குப் பின்னால் போகிறது. கட்டிலுக்கு அடியில் போகிறது. நீங்கள் செயினைப் பிடித்துக்கொண்டு தெருவில் அரை மணி நேரம் நடந்தாலும் அடக்கிக்கொண்டே வருகிறது, ஏனென்றால் நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். வீட்டுக்கு வந்து, நீங்கள் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் டைனிங் டேபிளுக்கு அடியில் காரியத்தை முடித்துவிடுகிறது. "பாருங்க டீச்சர், வேணும்னே பண்ணுது, திமிர்" என்கிறீர்கள். திமிர் இல்லை அப்பா. நீங்கள் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்கிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் சின்ன வகுப்புகளில் இருந்தவள் நான். ஒன்றாம் வகுப்பில் ஜூன் மாதம் ஒரு காட்சி கட்டாயம் உண்டு. ஒரு பிள்ளை டீச்சரிடம் கேட்கப் பயந்து, கால்களை இறுக்கி உட்கார்ந்து, கடைசியில் பெஞ்சிலேயே போய்விடும். அந்தப் பிள்ளையிடம் குரலை உயர்த்தினால் மறுநாள் கேட்டுவிட்டுப் போகுமா? போகாது. மறுநாள் இன்னும் இறுக்கி உட்காரும். அல்லது பள்ளிக்கூடத்துக்கே வராது. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதைத் தடுத்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடலால் மட்டுமல்ல, மனதாலும் பிள்ளையைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது. ஆனால் "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழியை நம் ஜனங்கள் இன்னும் விடவில்லை. பிள்ளையிடம் காட்ட முடியாததைக் குட்டியிடம் காட்டுகிறார்கள்.

பெரியவர்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. நம் வீடுகளில் நாய் எப்போது உள்ளே வந்தது? அம்பத்தூரிலும் திருமுல்லைவாயிலிலும் தனி வீடுகளாக இருந்த காலத்தில் நாய் என்றால் கேட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருக்கும். வாழை மரத்தடியில் போகும், தென்னை மரத்தடியில் போகும். அதற்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வாசற்படி தாண்டாமல் இருந்தால் போதும். இப்போது அந்த வீடுகளை இடித்து ஜி பிளஸ் த்ரீ கட்டியாயிற்று. மூன்றாவது மாடியில், எண்ணூறு சதுர அடியில், தரை முழுக்க டைல்ஸ். அங்கே பிறந்து ஒன்றரை மாதம் ஆன ஒரு ஜீவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பாத்ரூம் எது, பூஜை அறை எது என்று அதற்குத் தெரியவில்லையே என்று கோபப்படுகிறோம். மாமனாருக்கும் இது புதுசு, குட்டிக்கும் புதுசு.

ஆனாலும் நம் பாட்டிகளுக்கு இந்த வித்தை தெரியும். நாய்க்கு என்று தெரியாது, அவ்வளவுதான். கைக்குழந்தையை எப்படிப் பழக்கினார்கள்? தூங்கி எழுந்ததும், பால் குடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும், காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு பாதத்துக்கும் நடுவில் குழந்தையை உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்…" என்பார்கள். குழந்தை போனதும் "என் தங்கம்" என்று கொஞ்சுவார்கள். நேரம் பார்த்தார்கள், இடம் மாற்றவில்லை, ஒரே சத்தம், உடனே ஒரு கொஞ்சல். மூன்று மாதக் குழந்தை பாயை நனைத்ததற்காக மூக்கைத் தேய்த்த பாட்டி எந்த ஊரிலாவது உண்டா?

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கல்வி உளவியல் என்று ஒரு பாடம். அதில் பாவ்லோவின் நாய் கட்டாயம் வரும். மணி அடித்துச் சாப்பாடு கொடுத்துப் பழக்கினால், பிறகு மணி அடித்தாலே எச்சில் ஊறும். பாட்டியின் "ஸ்ஸ்ஸ்" அந்த மணிதான். (பயிற்சி மாணவர்கள் பரீட்சையில் தப்பாக எழுதும் ஒன்று: பாவ்லோவுக்கு 1904-ல் நோபல் பரிசு கொடுத்தது இந்த நாய் சோதனைக்கு அல்ல, ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு.) அதே பாடத்தில் தார்ன்டைக்கும் வருவார். பூனையைக் கூண்டில் வைத்துப் பார்த்தவர். நல்ல பலன் கிடைத்த செயல் நிலைக்கும், கெட்ட பலன் கிடைத்த செயல் மறையும் என்று முதலில் சொன்னார். 1930-களில் அந்த இரண்டாவது பாதியை அவரே மாற்றிக்கொண்டார். பரிசு பழக்கத்தை உறுதியாக்கும் அளவுக்குத் தண்டனை பழக்கத்தை அழிப்பதில்லை என்று கண்டார். மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய நாங்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனோம்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பொம்மி, தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி. இரண்டு மாதத்தில் என் மகன் தூக்கிக்கொண்டு வந்தான். நான் ஒரு பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து நேரம் குறிக்க ஆரம்பித்தேன். வெளியே போனால் நீல மை, உள்ளே போனால் சிவப்பு மை. முதல் வாரம் பூராவும் சிவப்பு. ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்தபோதுதான் ஒழுங்கு தெரிந்தது. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள், விளையாடி முடித்த கையோடு, ராத்திரி படுக்கும் முன். பெரும்பாலும் இந்த நேரங்கள்தான். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும், மனிதக் குழந்தைக்கும் அப்படித்தான். இந்த நேரங்களில் குட்டி கேட்பதற்கு முன்பே நீங்கள் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், பாதி வழியில் போய்விடும். தூக்குங்கள்.

எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டி அதிகபட்சம் மூன்று மணி. அதுவும் சும்மா படுத்திருந்தால். விளையாடிக்கொண்டிருந்தால் அரை மணிகூடத் தாங்காது. நீங்கள் இரண்டு பேரும் காலை எட்டரைக்கு எஸ்டேட்டுக்கு வேலைக்குக் கிளம்பி, மாலை ஆறரைக்கு வந்து, ஹாலில் ஈரம் இருக்கிறது என்று குட்டியைத் திட்டினால், கணக்கில் தோற்றது யார்?

இடம் ஒன்றாக இருக்கட்டும். ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் "போ கண்ணு". அது குனிந்து போகத் தொடங்கும்போது மெல்லச் சொல்லுங்கள். முடித்த அந்த நொடியே, அங்கேயே, சுண்டுவிரல் நகமளவு வேகவைத்த கோழியோ கேரட்டோ கொடுத்துக் கொஞ்சுங்கள். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குப் பரிசு என்று நினைக்கும். பரிசு சட்டைப் பையில் இருக்க வேண்டும். நைட்டிக்குப் பை இல்லை என்பவர்கள் ஒரு சுருக்குப் பையை இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான்.

உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால்? மெல்லக் கை தட்டுங்கள், தூக்குங்கள், இடத்துக்குக் கொண்டுபோங்கள். மீதியை அங்கே முடித்தால் கொஞ்சுங்கள். போய் முடித்த பிறகு பார்த்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. துணியை எடுத்துத் துடையுங்கள். "அதுக்குத் தெரியுது டீச்சர், தப்பு பண்ணிட்டோம்னு முழிக்குது பாருங்க" என்பீர்கள். அந்த முழியை 2009-ல் நியூயார்க் பர்னார்ட் கல்லூரியின் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்துப் பார்த்திருக்கிறார். தப்பே செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முழி வந்தது. நாய் தன் தப்பைப் பார்த்து முழிக்கவில்லை, நம் முகத்தைப் பார்த்து முழிக்கிறது.

இன்னொன்று. சில குட்டிகள் நீங்கள் ஆபீஸிலிருந்து வந்து குனிந்து தூக்கப் போகும்போதே சொட்டுச் சொட்டாக விட்டுவிடும். அது பணிவு, அல்லது பயம், அல்லது சந்தோஷம். அதற்குத் திட்டினால் இன்னும் கூடும். கண்டுகொள்ளாமல் உள்ளே போய், தண்ணீர் குடித்து, அப்புறம் உட்கார்ந்து கூப்பிடுங்கள். வளர வளரப் பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

துடைப்பதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் பினாயில். வேண்டாம். குட்டி அந்தத் தரையில் நடந்து காலை நக்கும், கறுப்பு பினாயிலில் இருப்பது அதற்கு விஷம். அம்மோனியா உள்ள கிளீனரும் வேண்டாம், மூத்திர வாடையைப் போலவே இருப்பதால் "இதுதான் இடம்" என்று கூப்பிடும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். வாடை போகவில்லை என்றால் நாய்ப் பொருள் விற்கும் கடைகளில் என்சைம் கிளீனர் கிடைக்கும். நமக்கு வாடை போய்விட்டது என்பது கணக்கில்லை, அதன் மூக்குக்குப் போக வேண்டும்.

குட்டியை வாங்கும் இடத்திலேயே பாதிப் பிரச்சினை தொடங்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். பிறந்த புதிதில் தாய் நக்கினால்தான் குட்டிக்கு மூத்திரமே வரும், தாயே சுத்தமும் செய்துவிடும். மூன்று வாரம் போல் ஆனதும் குட்டி தானாகவே படுக்கிற இடத்தை விட்டு நகர்ந்து போகத் தொடங்கும். படுக்கையை அசிங்கம் பண்ணக் கூடாது என்ற புத்தி அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. நாம் அதை வீடு முழுக்க நீட்டிவிடுகிறோம், அவ்வளவுதான். ஆனால் கம்பிக் கூண்டுக்குள் பத்துக் குட்டியை அடைத்து, நிற்கிற இடத்திலேயே போக வைத்து, முப்பது முப்பத்தைந்து நாளில் விற்கிறார்களே, அந்தப் புத்தி அங்கேயே மழுங்கிவிடுகிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ன் நாய் வளர்ப்பு விதிகள் சொல்கின்றன. வாங்குகிறவர்கள் கேட்டால் விற்கிறவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள். அப்படிப்பட்ட குட்டி ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் பயப்பட வேண்டாம், இன்னும் ஒரு மாதம் பொறுமை கூடுதலாக வேண்டும். பொதுவாக நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் பழகிவிடும். சின்ன ஜாதி நாய்கள் சில இன்னும் தாமதிக்கும்.

தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்காதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நாலு மாதம் வரை. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. அதுவரைக்கும் மொட்டை மாடியோ பால்கனியோதான். ஆழமில்லாத ஒரு பிளாஸ்டிக் தட்டில் மண்ணோ தென்னை நார்க் கழிவோ நிரப்பி வையுங்கள். பிற்காலத்தில் தெருவில் மண்ணைப் பார்த்ததும் அதற்குப் புரியும். வெறும் டைல்ஸில் பழக்கினால் டைல்ஸ் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் போகும். சித்திரை, வைகாசியில் பகலில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள், உங்கள் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், தெரியும்.

இந்தத் தட்டைக் குட்டி வளர்ந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் என்ன என்று தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட், கொரட்டூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, கீழே இறங்க வழியில்லாமல் மாடியில் மாட்டிக்கொண்ட நாய்கள் எத்தனை. வெளியில்தான் போக வேண்டும் என்று நன்றாகப் பழகிய நாய் ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொண்டு தவிக்கும். தட்டு இருந்தால் அந்தத் தவிப்பு இல்லை. தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். அந்த ஊசி போட்டாயிற்றா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று உள்ளே போக ஆரம்பித்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும், பெரும்பாலும் மூத்திரப் பாதையில் கோளாறு இருக்கும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கினால் பக்கம்தான், ஆவடியிலிருந்து மின்சார ரயில் இருக்கிறது, தூரம் என்று சாக்குச் சொல்ல வேண்டாம்.

ஒரு சண்டையையும் இங்கே போட்டுவிடுகிறேன். காலை ஐந்தரைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வந்து, பக்கத்துத் தெருக்காரர் கேட்டருகில் நிறுத்தி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் இருக்கிறீர்கள். மார்கழியில் அந்த அம்மா நாலரைக்கு எழுந்து, தெளித்து, இருபத்தொரு புள்ளிக் கோலம் போட்டு வைத்திருப்பாள். உங்கள் நாய் அதன் மேல் காலைத் தூக்குகிறது. நாயை எங்கே போக வேண்டும் என்று பழக்கியது நீங்கள்தானே? ஒரு பழைய பேப்பர், ஒரு கவர், ஒரு பாட்டில் தண்ணீர். எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தெருவில் நாய் வளர்ப்பவர்களுக்குக் கெட்ட பெயர் வருவது நாயால் அல்ல.

இவ்வளவு நீளமாக ஏன் எழுதுகிறேன் என்றால், மூத்திரம் சின்ன விஷயம், அதன் முடிவு சின்னதாக இல்லை. எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் லாப்ரடார் குட்டி ஒன்று வந்தது. பிள்ளையின் பிறந்த நாளுக்கு வாங்கியது. இரண்டு மாதம் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். பிறகு தினமும் அடி விழும் சத்தம் தெருவுக்குக் கேட்டது. ஐந்தாம் மாதம் குட்டியைக் காணோம். கேட்டால், திருவள்ளூர் பக்கம் ஒரு தோப்பில் விட்டிருக்கிறோம், ஜாலியாக இருக்கும் என்றார்கள். எந்தத் தோப்பு, யார் தோப்பு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வீட்டு நாயைக் கைவிடுவது 1960-ன் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும். தட்டில் சாப்பாடு வைத்துப் பழகிய நாய், வேறு நாய்களின் எல்லைக்குள் ஒரு வாரம் தாங்குமா? தாங்கிப் பிழைத்தால் அது தெருநாய், அதன் குட்டிகளும் தெருநாய்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி தெருநாய்களைப் பற்றி முதலில் ஒரு உத்தரவும், பதினொரு நாள் கழித்து அதைத் திருத்தி இன்னொன்றும் போட்டபோது, நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எவ்வளவு சண்டை! பிடித்து அடை என்று ஒரு கட்சி, விடு என்று ஒரு கட்சி. வீட்டிலிருந்து தெருவுக்குப் போகிற நாய்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. சோபா நனைந்தது என்பதற்காகத் தெருவுக்குப் போனவையும் அதில் உண்டு.

எனவே, இன்னும் குட்டி வாங்காதவர்கள் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து மூன்று விஷயம் பேசி முடியுங்கள். பகலில் யார் இருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பார்கள். எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுவார்களா. அப்பா "போ" என்பது, அம்மா "கமான்" என்பது, தாத்தா பேப்பரைச் சுருட்டுவது, இப்படி இருந்தால் ஆறு மாதம் ஆனாலும் நடக்காது. ஒரே வகுப்புக்கு மூன்று டீச்சர் மூன்று விதமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கதையாகிவிடும். ராத்திரி எழுந்திருப்பவர் லைட்டைப் போட்டு விளையாட்டுக் காட்ட வேண்டாம். தூக்கு, இடத்தில் விடு, சொல், பரிசு, திரும்பவும் படுக்கை. இது சில வாரங்கள்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட அந்த மூன்று பேருக்கு: ஒரு நோட்டுப் போடுங்கள். இரண்டு மை. பத்து நாள் எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்த நேரத்தில் பிசகுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். பூந்தமல்லி மாமனாரிடம் நான் பேசுகிறேன், போனை அவரிடம் கொடு. அம்பத்தூர்க்காரி, உன் வீடு சென்னை மாநகராட்சிக்குள் வருகிறது, ரேபிஸ் ஊசிச் சான்று கையில் வந்ததும் நாய்க்கு உரிமம் எடுத்துவிடு. ஆவடிக்காரா, உங்களுக்குத் தனி மாநகராட்சி, அங்கே கேட்டுக்கொள். அந்தச் சுருட்டின பேப்பரைப் பிரித்துப் பால்கனித் தட்டுக்கு அடியில் விரி, ஈரம் கசியாமல் இருக்கும்.